தோட்டத்து மண்சாலைக்கு ஏற்ற சைலன்சர்

கதிரவன் ஏறுமுன் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணியும். ஆகையால்தான் விடியுமுன்னே வெட்டுக்குப் புறப்படுவது நம் தோட்ட மக்களின் வழக்கமாயிற்று. முன்பு அந்நேரத்தில் லயங்களில் கேட்டது பெரட்டுக்கு அழைக்கும் மணியோசை. இன்று கேட்பது மோட்டார் சைக்கிள்களின் ஓசை.

அண்மையில் ஜொகூர் மாநிலத்தின் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்திலுள்ள ஒரு தோட்டத்தில் ஓரிரவு தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. விடியற்காலையில் நம்மை எழுப்பியது சேவலன்று. சைலன்சர் மாற்றப்பட்ட ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான். எதிர் லயத்தில் தொட்டிற்குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு முதியவர் இருமிக்கொண்டே வாசலுக்கு வந்து, வண்டி போன திசையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார். வண்டிக்குரியவர் இருபத்தைந்து வயதுள்ள இளைஞர், நல்ல உழைப்பாளி. மாலையில் அவரோடு உரையாடினோம்.

"பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, ஐயா. பட்டணத்துக் கடையில் இதை எடுத்துக் கொடுத்தார்கள். இழுவை கூடும் என்றார்கள். ஆனால் பால் வாளிகளோடு மேட்டில் ஏறும்போது வண்டி முன்னைவிடத் திணறுகிறது. சத்தம் கூடிய வண்டிக்குச் சக்தி ஏன் கூடவில்லை?" என்று அவர் கேட்டார்.

இது நல்ல கேள்வி. இதற்கு விடை கண்டால், தோட்டத்தின் உட்சாலைகளில் ஓடும் வண்டிக்கு மாற்றுச் சைலன்சர் வாங்கும்போது எவற்றைப் பார்க்கவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

லேண்ட் ரோவர் வண்டி உலகுக்கு அறிமுகமானது 1948ஆம் ஆண்டில். அக்காலத்துத் தோட்டங்களில் மலைச்சரிவின் மேல் எஞ்சின் ஓசை கேட்டால், துரையின் வண்டி வருகிறது அல்லது பால் லாரி வருகிறது என்றே பொருள். இன்று அந்நிலை மாறிவிட்டது. வீட்டுக்கொரு காப்சாய் மோட்டார் சைக்கிளாவது இருக்கிறது. சிலர் பழைய சுசுகி ஜிம்னியோ டொயோட்டா ஹைலக்ஸோ வைத்திருக்கின்றனர். இவ்வண்டிகள் ஓடும் பாதையோ செம்மண்ணும் வேரும் கல்லும் கால்வாயும் கலந்தது. தார்ச்சாலைக்காரர் சைலன்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை நமக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

சைலன்சர் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்தவுடன், வெளியேற்றும் வால்வு திறந்து, சூடான வாயு அழுத்தத்தோடு பீறிடுகிறது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றும்போது, இவ்வாறு வினாடிக்கு 25 முறை நிகழ்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறு வெடியோசையே. இவ்வோசையை அடக்குவதற்கான கருவிக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். அன்று முதல் இன்று வரை அடிப்படை முறைகள் இரண்டுதான்.

முதலாவது, அறைகள் கொண்டது. உள்ளே தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் திரும்பித் திரும்பிச் செல்லும்போது, ஒலியலைகள் சுவரில் மோதி, ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. வண்டியோடு ஆலையிலிருந்து வரும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. இரண்டாவது, நேர்க்குழாய் வகை. நடுவில் துளைகள் நிறைந்த ஒரு குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. வெளியே ஓர் உறை. வாயு நேராக ஓடிவிடும். ஒலியின் ஒரு பகுதியைப் பஞ்சு உறிஞ்சும். கடைகளில் பளபளப்பாகத் தொங்கும் மாற்றுச் சைலன்சர்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. புதிதாக இருக்கும்போது இவற்றின் ஓசை ஓரளவு கட்டுப்பட்டிருக்கும். பஞ்சு எரிந்தும் நைந்தும் போனபின் அது வெறுங்குழாயின் ஓசையாகிவிடும். தோட்டத்துச் சேறும் கால்வாய் நீரும் உட்புகுந்தால் பஞ்சு இன்னும் விரைவாகக் கெடும். பிரித்துப் பஞ்சு மாற்ற வசதியில்லாதபடி பற்றவைத்து மூடப்பட்ட நேர்க்குழாய் வகையைத் தோட்ட வண்டிக்கு வாங்கவே வேண்டா என்பது நம் கருத்து.

இளைஞரின் கேள்விக்கு வருவோம். எரிந்த வாயு வெளியேறும் வேகமும், குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலைகளும், அடுத்த மூச்சுக்குப் புதுக் காற்று உள்ளே வருவதற்குத் துணைபுரிகின்றன. மிக அகலமான குழாயைப் பொருத்தினால், குறைந்த சுற்றில் வாயுவின் வேகம் தளர்ந்து அத்துணை கெடுகிறது. பந்தயக்காரர் எஞ்சினை உச்சச் சுற்றில் வைத்தே ஓட்டுவர். அவருக்கு அகலக் குழாயால் பயனுண்டு. பால் வாளிகளோடு இரண்டாம் கியரில் மேடேறும் நமக்குத் தேவை குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவையாகும். அந்த இழுவையைத்தான் இளைஞரின் வண்டி இழந்தது.

அதனோடு மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. தடையற்ற குழாயைப் பொருத்திவிட்டுக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றாமல் விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை எரியக்கூடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். இறக்கத்தில் திராட்டிலை விட்டதும் குழாயில் 'பட் பட்' என்று வெடிக்கும். இளைஞர்கள் சிலர் இவ்வெடியை வலிமையின் அடையாளமாகக் கருதுகின்றனர். வெளியேற்றும் வால்வு வெந்து போவதற்கான முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். எரிபொருள் ஊசி முறையில் இயங்கும் புதிய வண்டிகளில் பலவற்றுக்கு வெளியேற்றுக் குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்குரிய துளை மாற்றுக் குழாயில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

தோட்டங்களில் இன்னும் சிலர் வைத்திருக்கும் இரண்டு வீச்சு வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றின் குழாய், நடுவில் வயிறு பெருத்து, முடிவில் ஒடுங்கியிருப்பது அழகுக்காக அன்று. எரியாமல் நழுவப் பார்க்கும் பெட்ரோல் கலவையை, திரும்பி வரும் அழுத்த அலை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் 1950களில் இம்முறையை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்தார். அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ஆம் ஆண்டில் நாட்டை விட்டு வெளியேறி ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுசுகிக்கு உலகப் பட்டம் கிட்டியது. ஒரு குழாயின் வடிவம் எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா! ஆகவே இரண்டு வீச்சு வண்டியின் குழாயை வெட்டிக் குறுக்குவது, எஞ்சினின் ஓர் உறுப்பை அறுத்தெறிவதற்கு ஒப்பாகும்.

துருவும் தகடும்

தோட்டத்து வண்டிகளின் சைலன்சர் பட்டணத்து வண்டிகளின் சைலன்சரைவிட விரைவாகத் துருப்பிடிப்பது ஏன்? சேறு ஒரு காரணம். பெருங்காரணம் உள்ளேயே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அந்நீராவி முழுவதும் வெளியேறிவிடும். லயத்திலிருந்து வெட்டு நிரைக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியிலோ, அது குளிர்ந்து நீராகிச் சைலன்சரின் அடியில் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி எடுத்துவரும்போது ஒழுகும் நீர் புளிப்புத் தன்மையுடையது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் அவ்வாறே. இவை சொட்டும் இடத்தில் இரும்பு நிலைக்காது.

எனவே எந்தத் தகடு என்று கேட்டு வாங்குங்கள். வண்ணமோ குரோமியமோ பூசிய சாதாரண இரும்பு மலிவானது. பூச்சு கீறினால் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய எஃகு அதைவிட நீடிக்கும். துருவேறா எஃகிலும் வகைகள் உண்டு. 409 என்னும் வகை காந்தத்தில் ஒட்டும். மேற்பரப்பில் சிறிது பழுப்பேறினாலும் நாளடைவுக்குத் தாங்கும். 304 என்னும் உயர்ந்த வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கடைக்காரர் 304 என்று விலை சொன்னால், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து வைத்துப் பார்ப்பதில் தவறொன்றுமில்லை. எவ்வகையாயினும், அடியில் நீர் வடிவதற்கு ஊசித்துளை இருப்பது நலம். அதிலிருந்து சிறிது நீர் சொட்டுவதைக் கண்டு, ஓட்டை விழுந்துவிட்டது என்று அடைத்துவிடக்கூடாது.

எங்கே, எவ்வாறு பொருத்துவது?

காப்சாய் வண்டியின் குழாய் தாழ்ந்து ஓடுவது. வேரிலும் கால்வாய் விளிம்பிலும் முதலில் அடிபடுவது அதுவே. பழைய குழாயைவிட ஒரு விரற்கடையேனும் தாழ்ந்து தொங்கும் மாற்றுக் குழாயை மறுத்துவிடுங்கள். காலுக்கும் குழாய்க்கும் இடையே சூடு தடுக்கும் தகடு இருக்கவேண்டும். பின்னால் அமர்ந்து வரும் பிள்ளைகளின் கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட வடு இல்லாத லயம் அரிது.

ஜிம்னி, ஹைலக்ஸ் போன்ற நான்கு சக்கர வண்டிகளில் சைலன்சர் சேசியின் அடிமட்டத்திற்குக் கீழே இறங்காமல், மேலே ஒடுங்கி அமரவேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து இரு விரல் இடைவெளியாவது வேண்டும். சைலன்சரைத் தாங்கும் வளையங்கள் ரப்பரால் ஆனவை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நாம் வெட்டும் இயற்கை ரப்பரே சிறந்தது. அதிர்வைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் சைலன்சரின் சூட்டை அது நெடுநாள் தாங்காது. அங்கே செயற்கை ரப்பர் வளையம்தான் தகும். நம் தொழிலுக்கு இது சிறு குறையாகத் தோன்றினாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு சக்கர வண்டியைப் பற்றிய மிக முக்கியமான செய்தி, குழாயின் வாய் எங்கே முடிகிறது என்பதே. பணத்தை மிச்சப்படுத்தவும், சரிவில் இடிபடாதிருக்கவும், சிலர் பின்குழாயை வெட்டி வண்டியின் நடு அடியிலேயே முடித்துவிடுகின்றனர். இது உயிருக்கு உலை வைக்கும் செயல். எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். பழைய ஜிம்னியின் தரைத்தகட்டில் துருவோட்டைகள் இருந்தால் அவ்வாயு நேரே உள்ளே வரும். பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் புகை உள்ளே இழுக்கப்படும். தலைவலியும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வண்டியில் வரும் பலருக்கு ஒருங்கே தோன்றினால், களைப்பு என்று எண்ணாமல் வண்டியை நிறுத்தி, எல்லாரையும் வெளியே இறக்கிவிடவேண்டும். குழாயின் வாய் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே முடியவேண்டும். கதவுப் பக்கமோ சன்னற் பக்கமோ நோக்கி இருக்கலாகாது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் பட்ட பாட்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2023 மார்ச்சில் பத்து பஹாட், யோங் பெங் பகுதிகளும் நெடுநாள் நீரில் நின்றன. எஞ்சின் ஓடும்வரை வாயுவின் அழுத்தம் நீரைச் சைலன்சருக்குள் விடாது. நடுநீரில் எஞ்சின் நின்றால் நீர் உள்ளே புகும். அப்போது உதைத்து உதைத்து மீண்டும் கிளப்ப முயலாமல், வண்டியைக் கரைக்குத் தள்ளி, பின்புறம் தாழும்படி சாய்த்து நீரை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபின்னரே கிளப்பவேண்டும்.

காய்ந்த இலையும் தீப்பொறியும்

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிரைகளெங்கும் காய்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும். ஓரங்களில் லாலாங் புல்லும் உலர்ந்து நிற்கும். எஞ்சினை ஒட்டிய குழாயும், புதிய வண்டிகளில் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பெட்டியும் சருகைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறக்கூடியவை. வெட்டு நேரத்தில் வண்டியைச் சருகின்மேல் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கத்தை அம்மாதங்களிலேனும் விட்டுவிட வேண்டும். வெறும் மண் தெரியும் இடமே வண்டிக்கு இடம்.

சூடு ஒருபுறமிருக்க, சைலன்சருக்குள் படிந்த கரி உடைந்து நெருப்புத் துகளாக வெளியே பறப்பதும் உண்டு. தடுப்புத் தகடுகள் உள்ள சைலன்சரில் அத்துகள் பெரும்பாலும் உள்ளேயே அடங்கும். நேர்க்குழாயில் தடையின்றி வெளியே வரும். அமெரிக்கக் காடுகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்குத் தீப்பொறித் தடுப்பி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது குழாயின் முடிவில் வைக்கும் நுண்ணிய கம்பிவலை போன்றது, ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கரித்துகளை வெளியே விடாது. மாற்றுச் சைலன்சர் வாங்குவோர் இது பொருத்திய வகையைக் கேட்டுப் பார்க்கலாம். வலையில் கரி அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது. அவ்வப்போது கழற்றித் துலக்கவேண்டும்.

ஓசையும் சட்டமும்

ஓசையை அளக்கும் டெசிபல் கணக்கு சற்று விந்தையானது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் தொழிலாளி கேட்கலாகாது என்கின்றன. அவ்வளவின்படி 88 டெசிபல் ஓசையில் நான்கு மணி நேரமும், 91 டெசிபலில் இரண்டு மணி நேரமுமே தகும். காதின் உள்ளே நைந்துபோன நுண்மயிர்கள் மீண்டும் முளைப்பதில்லை. கோத்தா திங்கி, மெர்சிங் பக்கங்களில் காட்டை ஒட்டிய நிரைகளுக்குச் செல்வோர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. யானை கிளை முறிக்கும் ஓசை சைலன்சரின் இரைச்சலுக்குள் கேட்காது.

வாகனங்களின் ஓசைக்கு வரம்பு கட்டும் தனி விதிமுறைகள், சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. சாலைப் போக்குவரத்துத் துறையினரும் காவல் துறையினரும் சோதனைகளில் இரைச்சலிடும் குழாய்களைத் தேடிப் பிடிக்கின்றனர். "நம் வண்டி தோட்டத்துக்குள்தானே ஓடுகிறது" என்று சிலர் கூறுவதுண்டு. பொதுமக்கள் சென்றுவரக்கூடிய மற்றச் சாலைகளையும் சட்டம் 'சாலை' என்றே கொள்கிறது. பட்டணத்துக் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அதே வண்டியில்தானே போகிறோம்? காட்டுப் பாதை வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 1986 முதல் செய்யப்பட்ட அத்தகைய வண்டிகள், குழாய் வாயிலிருந்து 20 அங்குலத்தில் அளக்கும்போது 96 டெசிபலைத் தாண்டக்கூடாது.

கடையில் நிற்கும்போது

பழைய சைலன்சரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீளம், குழாயின் உள்விட்டம், தாங்கு துளைகளின் இடைவெளி மூன்றையும் புதியதோடு ஒப்பிடுங்கள். உள்விட்டம் பழையதை ஒத்திருப்பதே நமக்கு நல்லது. வண்டியின் ஆலை செய்த உண்மைப் பொருள் விலை மிகுதியென்றால், அதே வண்டிக்கென்று அறைகளோடு செய்த மாற்றுப் பொருளை வாங்கலாம். அல்லது பழைய உதிரிப்பாகக் கடையில் தட்டிப் பார்த்து, உள்ளே உடைந்த தகடு கலகலக்காத ஒன்றைப் பொறுக்கலாம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று சொல்லப்படும் குழாய் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது என்பது நம் அனுபவம்.

எஞ்சின் தலையில் குழாய் சேருமிடத்தில் புதிய கேஸ்கட் போடச் சொல்லுங்கள். சில காசுகள் பெறும் அந்த வளையத்தை மிச்சப்படுத்திய பட்டறைகளை நாம் பார்த்திருக்கிறோம். பொருத்தியவுடன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பி, ஈரத் துணியால் குழாயின் வாயை ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். இணைப்புகளில் 'உஸ்' என்ற ஓசை எழுந்தால் அங்கே கசிவு உண்டு. பணத்தை அதன் பின்னரே எண்ணுங்கள். முதல் வாரம் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கவேண்டும். சூட்டில் விரிந்து சுருங்கி அவை தளர்ந்திருக்கும்.

சிம்பாங் ரெங்கத்து இளைஞரின் வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரோடு சேர்ந்து சோதித்தபோது, குழாய் அகலமாக இருந்ததோடு கேஸ்கட்டும் இல்லாதிருந்தது. அவர் அறைகள் உள்ள சைலன்சர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொண்டார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, மேட்டில் வண்டி பழையபடி ஏறுகிறது என்றும், எதிர் லயத்து முதியவர் இப்போது தம்மோடு பேசுகிறார் என்றும் தெரிவித்தார். அந்தப் பளபளப்பான குழாயை என்ன செய்தீர்கள், தம்பி, என்று கேட்டோம். கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாராம்.